நாலாவது சீசா

இந்த வாரம் நெருப்பு தூங்குகிறது. நடுமார்பில், எலும்பு முடிகிற குழிக்குக் கொஞ்சம் மேலே, அது சுருண்டு படுத்திருக்கும் இடத்தை என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். அது விழித்துக்கொள்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இதே எரிச்சலுக்கு வாயு என்று பேர் வைத்து, சோடா குடித்து, ஏப்பம் விட்டுக்கொண்டு திரிகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. நானும் பல வருஷம் அப்படித் திரிந்தவன்தான். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுப் போய் டாக்டரைப் பார்த்தால் சரி.

விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் தரம் பார்ப்பது என் வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வருகிற மூட்டைகளைச் சோதித்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று சாக்கின் மேல் சாக்கட்டியால் எழுத வேண்டும். மூட்டையின் வாயில் இருப்பதை நம்பக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. மேலே ரோஜா நிறத்தில் முத்து முத்தாய்ப் பருப்பு சிரிக்கும். அடியில் ஈரம் இருக்கும், பூஞ்சை இருக்கும், சில சமயம் செம்மண் கட்டியும் இருக்கும். அதற்காகத்தான் குத்தூசி. நடுவில் வாய்க்கால் மாதிரி குடைந்த நீள இரும்பு அது. சாக்கின் விலாவில் செருகி இழுத்தால் உள்ளே இருப்பது கைக்கு வரும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றையும் உள்ளங்கையில் கலந்து பார்த்துவிட்டு, ஒரு பருப்பை எடுத்துக் கடிக்க வேண்டும். காய்ந்தது டக்கென்று உடையும். ஈரமானது பல்லுக்கு வளையும். இருபது வருஷமாக என் பல் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது நான் கடிப்பதில்லை. பல் தானாகவே கடித்துக்கொள்கிறது.

நெருப்பு எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. மூட்டைக்கு மேல் குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். எதுக்களிப்பு என்பார்களே, அதுதான். படுத்தால் அது இன்னும் சுலபமாக வழி கண்டுபிடித்தது. மல்லாந்து கிடக்கிற மனிதன் அதற்குச் சமவெளி. என் மனைவி சகுந்தலா, வானூர்ப் பக்கத்துக்காரி, எதையும் நின்று யோசிக்கிற பழக்கம் இல்லாதவள், ஒரு நாள் பின்கட்டிலிருந்து இரண்டு செங்கல்லைத் தூக்கி வந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே வைத்தாள்.

"மேட்டுல படுத்தா தண்ணி ஏறாது. எங்க அப்பா ஏரித்தண்ணிக்குக் கரை கட்டுனாரு, நான் உங்களுக்குக் கட்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து நான் சரிவில் தூங்குகிறேன். தூக்கத்தில் மெல்ல மெல்லக் கால்மாட்டுப் பக்கம் வழிந்து, விடியும்போது கட்டிலின் ஓரத்தில் குறுகிக் கிடப்பேன். அவள் வந்து கக்கத்தில் கைகொடுத்து மேலே இழுத்துப் போடுவாள்.

வீட்டில் மிளகாய் நின்றது. "நீங்க சாப்பிடாதத நான் மட்டும் எப்டி சாப்பிடறது?" என்று அவளும் வெள்ளைக் குழம்புக்கு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு காலி ஜாடியைக் காட்டி, "இன்னா சார், உங்க ஊட்டம்மா எங்க ஊறுகாய முடிச்சிட்டாங்க, புதுசா போட்டா சொல்லி அனுப்பறேன்" என்றாள். நான் சகுந்தலாவிடம் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மாளிடம் மட்டும், சீக்கிரம் போடுங்கள் என்றேன்.

சோறு இறங்காமல் நடுவழியில் நின்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. விழுப்புரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பேரியம் என்று ஒரு வெள்ளைக் குழம்பு, சுண்ணாம்பைக் கரைத்தது மாதிரி. அதைக் குடிக்கக் குடிக்க இருட்டறையில் அது இறங்கும் பாதையைப் படம் பிடிப்பார்கள். படத்தில் என் உணவுக்குழல் ஓர் ஓடை போலத் தெரிந்தது. கடைசியில், வயிற்றோடு சேரும் இடத்தில், அந்த ஓடையின் கரை அரித்திருந்தது. படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். மெட்ராஸிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு திண்டிவனம் வருகிற ஒரு டாக்டருக்கு அந்தச் சீட்டு. உள்ளே விட்டுப் பார்க்கிற குழாய் அவரிடம் இருக்கிறதாம். முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, தண்ணீர்கூடக் கூடாது.

அந்த ஞாயிறு விடியற்காலை, ரயிலுக்குப் போகும் வழியில், சகுந்தலாவை ஸ்டேஷனுக்கு முன்னே அனுப்பிவிட்டு, கிடங்குச் சாவியை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மண்டிக்கு ஒதுங்கினேன். ஏழுமலை எடை போடுகிறவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அறுவடை நேரம். வாசலில் ஒரு வண்டி அவிழ்த்துக் கிடந்தது. பதினோரு மூட்டை. வண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பாத்துட்டுப் போயிடுங்க சார். ராவெல்லாம் ஓட்டிக்கினு வந்துக்கிறேன்." பனியில் நனைந்த மாடுகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பார்த்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மீட்டர் கேஜ் ரயில் மெதுவாகப் போனது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாடை பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது. சகுந்தலா முந்தானையால் என் மூக்கை மூடினாள், வாடையே வயிற்றுக்குள் போய்விடும் என்பதுபோல.

திண்டிவனத்தில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. முன்கூடத்தில் ஒரு பெஞ்சு நிறைய வெறும் வயிறுகள். பசித்த மனிதர்களின் மௌனத்துக்கு என்று ஒரு வாசனை இருக்கிறது, ஈரத் துணியும் துளசியும் கலந்தது மாதிரி. உள்ளே கூப்பிட்டார்கள். சகுந்தலாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். நர்ஸம்மா தொண்டையில் மருந்து பீய்ச்சினார். வாழைப்பழ வாடை, பிறகு தொண்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போல ஒரு மரமரப்பு. கையில் ஓர் ஊசி. விரல் தடிமனுள்ள கறுப்புக் குழாய், அதன் மேல் வெள்ளையில் சென்டிமீட்டர் கோடுகள். நுனியில் வெளிச்சம். டாக்டர் மறுநுனியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார்.

"வெறும் வயிறுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மனசாரத்தான் ஆட்டினேன்.

குழாய் இறங்கியது. டாக்டர் கண்ணை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், இங்க வந்து பாருங்க. இவர் உள்ள கடலை மண்டி வச்சிருக்கார்" என்றார்.

குழாயைக் கடித்துக்கொண்டிருக்கிறவன் எப்படிப் பதில் சொல்வது? கண்ணால் இல்லை என்றேன். அப்போதுதான் அந்த விடியற்காலை எனக்குள் திரும்பி வந்தது. மாடுகளின் மூச்சு. குத்தூசி. பதினோரு மூட்டை, பதினோரு டக்.

குழாய் வெளியே வந்ததும், "நான் சாப்பிடல டாக்டர், கடிச்சுப் பார்த்தேன்" என்றேன்.

"கடிச்சதெல்லாம் எங்க போச்சு?"

நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். இரண்டு கோடு, அது உணவுக்குழல். கீழே ஒரு பை, வயிறு. குழலின் உள்தோல் வெளிர் நிறம், கன்னத்தின் உள்பக்கம் மாதிரி. வயிற்றின் உள்தோல் சிவப்பு, வெல்வெட் மாதிரி. இரண்டும் சந்திக்கிற எல்லை ஒன்று உண்டு. வருஷக்கணக்காக அமிலம் மேலே ஏறி ஏறி அரித்தால், குழலின் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேஷம் மாற்றும். வெளிர் போய் சிவப்பு வளரும். எல்லை மேலே மேலே நகரும். என் பல்லிலிருந்து நாற்பதாவது சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய எல்லை முப்பத்தி நாலிலேயே தொடங்கிவிட்டது.

"இது ஒரு பழைய சீக்கு. போகாது, கூடவே இருக்கும். ஆனா எந்த வகைன்னு தெரியணும். மாறின தோல் சும்மா மாறியிருக்கா, கலைஞ்சிருக்கா, கலைஞ்சது முத்திப்போயிருக்கான்னு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். நீங்க கடலையைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. மேல் விளிம்புல ஒரே ஒரு துணுக்குதான் எடுக்க முடிஞ்சது. கீழ ஒண்ணும் தெரியல. ரிப்போர்ட் என்ன வந்தாலும் மறுபடி வரணும். புரியுதா?"

முத்தினால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதன் பேரை அவரும் சொல்லவில்லை. அது அறையில், மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில், உட்கார இடம் தேடிக்கொண்டு நின்றது.

வெளியே வந்தேன். ஊசியின் மயக்கத்தில் முன்கூடம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது. சகுந்தலா பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னாரு?"

"ரிப்போர்ட் வரணுமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தபாலில் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு தமிழில் படித்துச் சொன்னேன். "தோல் மாறுதல் உண்டு. கலைவு இல்லை. புற்று இல்லை." அந்தத் தாளில் முதல் வரியில், 'அனுப்பப்பட்ட இந்த ஒரு துணுக்கில்' என்று இருந்தது. படிக்கும்போது என் கண் அந்த இடத்தைத் தாண்டியது, தெருவில் தெரிந்தவன் வருவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறோமே அப்படி.

சகுந்தலா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். பிறகு, "வர்ற அமாவாசைக்கு மலையனூர் போறேன். அங்காளம்மாவுக்கு வேண்டிக்கினு இருந்தேன்" என்றாள். அன்று மத்தியானம் எனக்குக் கேப்பைக் கஞ்சி, புளிக்க வைக்காமல், மோர் சேர்க்காமல், பால் விட்டு. அவளுக்கு, என் கண் முன்னாலேயே, ஊறுகாய்.

அமாவாசைக்கு இருந்த அந்த இரண்டு வாரம் நான் ஒரு மிதப்பில் வாழ்ந்தேன். பொய்யான தாள் அல்ல அது. நிஜத்தின் மேல் விளிம்பு. அதன் மேல் நான் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன். வெயில் மண்டித் தகரத்தில் பாலாய் வழிந்தது. தூசியில் பருப்புத் தோல்கள் செந்நிறப் பூச்சிகளாய்ப் பறந்தன. எரிச்சல் வந்தபோது, உனக்குத்தான் பேர் வைத்தாயிற்றே, சும்மா இரு என்று அதனிடம் பேசினேன்.

ஒரு வியாழக்கிழமை ஒரு வியாபாரியின் பருப்பு மூட்டைகள் வந்தன. குனிந்தால் எதுக்களிக்கும் என்று, குத்தூசியைத் தொடாமல், தையலைப் பிரித்து மேலாகக் கைவிட்டு அள்ளினேன். அழகான பருப்பு. சாக்கின் மேல் '1' என்று எழுதினேன். நாலு மூட்டைக்கும் எழுதினேன். மத்தியானம் ஏழுமலை கூப்பிட்டார். மூட்டையைக் கொட்டியிருந்தார். அடிப் பருப்பு கறுத்துப் பூத்திருந்தது. தொட்டால் பச்சைத் தூள் பறந்தது.

"இன்னா சார் இது? அடி வரைக்கும் ஊசி வுட்டு, சாக்குக்கு வலிக்குதான்னு பாக்கற ஆளு நீ. இன்னிக்கு இன்னா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மூஞ்ச மட்டும் பாத்துட்டுப் போய்ட்ட?"

"குனிய முடியல ஏழுமலை."

"குனிய முடியலன்னா என்னக் கூப்புடு. நான் குத்தறேன், நீ பாரு. பாக்காத மூட்டைக்கு நம்பர் போடாத சார். பேஜாராயிடும்."

துணியை நனைத்து '1' களை அழித்தேன். ஈரச் சாக்கில் வெள்ளை போகவே இல்லை. அதற்கு மேலேயே கழிவு என்று எழுத வேண்டியிருந்தது. எழுதின எழுத்து கோணிக்கொண்டு போனது. ஏழுமலை அதை வேலை போய்விடும் என்ற பயமாக எடுத்துக்கொண்டு, "முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன், போ" என்றார். அது அந்தப் பயம் இல்லை. யாரோ என் விலாவைப் பிரித்து, மேலாகக் கைவிட்டு அள்ளி, என் நெற்றியில் '1' எழுதியிருந்தார்கள். எழுதச் சொன்னவன் நான்.

அமாவாசை மறுநாள் காலை சகுந்தலா மலையனூரிலிருந்து வந்தாள். கூட்டத்தில் கசங்கிய சேலை, தூக்கம் இல்லாத கண், கை நிறையக் குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் நெற்றியில் வைத்தாள். அவள் விரல் அந்த இடத்தைத் தொட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

"சகுந்தலா, அந்தக் கடுதாசிய நான் முழுசா படிக்கல."

அவள் கை நின்றது. "இன்னா?"

சொன்னேன். பதினோரு மூட்டை. பதினோரு கடி. டாக்டர் சொன்னது, நான் சொல்லாதது. அவள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிவிட்டு, அந்தத் தாளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"படிங்க. ஒரு எழுத்து வுடாம படிங்க."

படித்தேன். 'அனுப்பப்பட்ட இந்த ஒரு துணுக்கில்' என்று படித்தபோது நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிடி மல்லாட்டைக்கு... யாரோ வண்டிக்காரனோட மல்லாட்டைக்கு... ஏங்க, உங்க வாய்க்குப் பூட்டு போட்டுத்தான் கூட்டிக்கினு போவணுமா? நான் ஆத்தாகிட்டப் போயி, காப்பாத்திட்டியேன்னு அழுதுட்டு வந்துக்கிறேன். இப்ப அவ இன்னா நெனப்பா? பொய் சொல்லிட்டுப் போய்ட்டாளேன்னு நெனைக்க மாட்டா?"

"அட்வான்ஸ்னு வச்சுக்கோயேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கோபமும் வந்தது. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என் மேல் எறிந்தாள். பிறகு அது சாமிப்பழம் என்று ஞாபகம் வந்து, ஓடிப்போய்ப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பயந்துட்டீங்களா?" என்றாள், பழத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லிட்டுப் பயப்படறதுக்கு இன்னா? ரெண்டு பேராப் பயந்திருக்கலாம்."

அடுத்து டாக்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மண்டி இருக்கும் தெருப் பக்கமே என்னை விடவில்லை. முந்தின நாள் சாயங்காலமே சாவியைத் தானே கொண்டுபோய் ஏழுமலையிடம் கொடுத்தாள். ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், அன்பால் பாதி, காவலாகப் பாதி.

இந்த முறை உள்ளே தெளிவாக இருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்குத் தெரிந்தது வேறு. ஊசி போட்டதும் மரமரப்பு, கறுப்புக் குழாய், அப்புறம் ஒரு வெளிச்சம் என் வாய்க்குள் புறப்பட்டுப் போனது. அது ரயில். நான் தண்டவாளம். டாக்டரின் குரல் எங்கோ மேலே கோடுகளைப் படித்தது. "முப்பத்தி நாலு." விக்கிரவாண்டி என்று எனக்குக் கேட்டது. யாரோ இறங்கினார்கள். ஒரு சின்ன இடுக்கி ஒரு துளி செம்மண்ணைக் கிள்ளிக்கொண்டது, வலிக்கவில்லை. "முப்பத்தி ஆறு." பேரணி. சன்னலுக்கு வெளியே பூமி சிவந்துகொண்டே வந்தது. இந்த மண்ணை எனக்குத் தெரியும். வானூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று என் வெள்ளை வேட்டியின் ஓரமெல்லாம் ஏறிக்கொண்ட மண். முந்திரித் தோப்பு, மழை அறுத்த ஓடைகள், ஓடைக்குள் இன்னும் சிவப்பான ஓடைகள். எனக்குள்ளா இருந்தது இவ்வளவு நாளும்? "முப்பத்தி எட்டு." மயிலம். மலை மேல் யாரோ நின்று கை காட்டினார்கள், போ என்றா, நில் என்றா தெரியவில்லை. "நாப்பது." ரயில் நின்றது. இருட்டு. இங்கேதான் மூட்டையின் அடி. என்னை யாரும் இதுவரை இவ்வளவு ஆழம் வந்து பார்த்ததில்லை என்று நினைத்தேன். பயமாக இல்லை. மரியாதையாக இருந்தது.

கண் விழித்தபோது மேசையில் நாலு சின்னச் சீசா. ஒவ்வொன்றிலும் மூக்கைக் கரிக்கும் ஒரு மருந்துத் தண்ணீர், துணுக்கு கெடாமல் இருக்க. அதற்குள் அரிசி நொய் அளவு ஏதோ மிதந்தது. நர்ஸம்மா ஒட்டுச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே. நான் வேலையில் செய்வதைவிட ஒன்று கூடுதல்.

பதினாலு நாள் காத்திருந்தோம். காத்திருப்பு ஒரு ஊர் மாதிரி. அதற்குள் தெருக்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பலாம், எங்கே திரும்பினாலும் அதே முனைக்கு வந்து சேரலாம். சகுந்தலா சொன்னபடி செய்தாள். இரண்டு பேராகப் பயந்தோம். மாலையில் வாசல்படியில் உட்கார்ந்து, "இப்ப எனக்கு இருக்குது, உங்களுக்கு?" என்பாள். "கொஞ்சம் கம்மி" என்பேன். "அப்ப எனக்கு வந்தது உங்களுதுதான்."

தாளை டாக்டர் கையாலேயே வாங்கிக்கொள்ள முடிவு செய்தோம். இந்த முறை அவளும் உள்ளே வந்தாள். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னார். "இதுல முதல்ல நீளம் பார்ப்போம். ஆறு சென்டிமீட்டர் மாறியிருக்கு, அது நீளமான வகை. அடுத்து, என்னவா மாறியிருக்குன்னு பார்ப்போம். இவருக்குக் குடலோட உள்தோல் மாதிரி மாறியிருக்கு. அந்த மாதிரி மாறினதைத்தான் விடாம கவனிக்கணும். மூணாவது, ஒழுங்கு. ஸ்கூல்ல பிரேயர் வரிசை இருக்கில்ல? எல்லாப் பசங்களும் நேரா நின்னா கலைவு இல்லை. அங்கங்க ரெண்டு பேர் திரும்பிப் பேசினா லேசான கலைவு. வரிசையே தெரியலைன்னா கடுமையான கலைவு. சுவரேறிக் குதிச்சு வெளிய ஓடிட்டா, அது புற்று."

"இவரு பசங்க இன்னா பண்றாங்க?" என்றாள் சகுந்தலா.

"மொத மூணு சீசாவுல நேரா நிக்கிறாங்க. நாலாவதுல, ரொம்ப அடியில எடுத்ததுல, கொஞ்சம் பேர் திரும்பிப் பேசறாங்க. லேசான கலைவு. யாரும் சுவரேறல."

அவள் மூச்சை விட்டாள். அது எனக்குள்ளிருந்தும் வெளியே வந்தது.

"அப்ப மொத வந்த கடுதாசி பொய்யா?"

"இல்லம்மா. அது பார்த்ததை அது சொல்லுச்சு. அதோட நின்னிருந்தா இந்த நாலாவதை யாரும் பார்த்திருக்க மாட்டோம். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வேற மாதிரி வந்து நின்னிருப்பீங்க."

காலை ஒன்று, ராத்திரி ஒன்று, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. செங்கல்லை எடுக்கக் கூடாது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை குழாய், நாலு சீசா. அறுவை இப்போது வேண்டாம், கலைவு கூடினால் பேசலாம்.

எழுந்திருக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் தொழில்ல கேக்கறேன் டாக்டர். இது எத்தனாவது தரம்?"

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "இரண்டாம் தரம்னு எழுதிக்குங்க. தள்ளிட மாட்டோம். ஆனா கண்ணை எடுக்கவும் மாட்டோம்."

மண்டியில் இப்போது ஏழுமலை குத்தூசியைச் செருகுகிறார். நான் நிமிர்ந்து நின்று உள்ளங்கையை நீட்டுகிறேன். "அடி வந்துடுச்சா?" என்று கேட்பேன். "வந்துடுச்சு சார், சாக்கத் தாண்டி பூமிக்கே வந்துடுச்சு" என்பார். கடிப்பதை மட்டும் விட முடியவில்லை. கடித்ததைத் துப்பக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷத்துப் பல்லுக்கு அது புதுப் பாடம்.

போன ஞாயிறு ஆறு மாசம் முடிந்து போய் வந்தோம். நாலு சீசாவும் மெட்ராஸுக்குப் போயிருக்கின்றன. பதில் வர இன்னும் பத்து நாள் ஆகும். நாலாவது சீசாவில் அந்தப் பசங்கள் திரும்பி நேராக நிற்கிறார்களா, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்களா, தெரியாது. வாசல்படியில் பயத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் சகுந்தலா என்னை நிறுத்தினாள். பெஞ்சில் இருந்த அத்தனை வெறும் வயிறுகளும் பார்க்க, "வாயத் திறங்க" என்றாள். திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தாள், டாக்டரைவிடக் கவனமாக. பிறகு சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினாள். ரயில் சீட்டு விழுந்தது. கூடவே, எப்போது போட்டேனோ, ஒரு பருப்பு.

"நான் கடிக்கல" என்றேன்.

"தெரியுது. முழுசா கீது" என்று குனிந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டு, பல்லில் வைத்தாள்.

டக்.

"நல்லா காஞ்சிருக்குது. போங்க" என்றாள். உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள்.